உலைத் தெரு லைக்கனுக்குப் பெயர் வைத்த கதை

பெயர் வைப்பதற்கென்றே ஓர் அரசு நிலையம் இருக்கிறது. நான்கு மாடி, இருநூற்றுப் பன்னிரண்டு ஊழியர்கள், வாசலில் ஒரு நீரூற்று. அதில் தண்ணீர் வந்து பார்த்தவர்கள் யாரும் இப்போது பணியில் இல்லை. செடியோ பூச்சியோ பூஞ்சையோ, எதைக் கொண்டுபோனாலும் அது இன்னதுதான் என்று சான்று கொடுப்பது இவர்கள் வேலை. வருடத்துக்குச் சராசரியாக ஒன்றேகால் சான்று கொடுக்கிறார்கள். அந்தக் கால் என்ன என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்தால் அதற்கொரு குழு போட்டுவிடுவார்கள்.

இந்த நிலையத்துக்குள் ஒரு காகிதப் பொட்டலத்தோடு போய் மாட்டிக்கொண்டவர் நகராட்சித் தொழிலாளி ஒருவர். மின்கம்பியில் உரசும் கிளைகளைக் கழித்துவிடுவது அவர் வேலை. பத்தொன்பது வருடமாகத் தோளில் ஏணியோடு அலைவதால் எல்லாருக்கும் அவர் ஏணிக்காரர். சம்பளச் சீட்டில் இருக்கும் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கக் கொஞ்ச நேரம் ஆகும்.

அக்காவோடும் அக்காவின் பத்து வயது மகளோடும் அவர் உலைத் தெருவில் குடியிருந்தார். தெருவின் ஒரு கோடியில் பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் ஆலை. தினமும் மாலை நான்கு மணிக்கு உலையைத் திறப்பார்கள். நான்கு மணி ஐந்து நிமிடத்துக்கு வீட்டுக்கு வீடு சன்னல்களைச் சாத்துவார்கள். நாலரைக்கு அந்தப் பிள்ளைக்கு மூச்சு இழுக்க ஆரம்பிக்கும். விசில் அடிப்பதுபோல ஒரு சத்தம். பக்கத்து வீட்டுக்காரர்கள் அதைக் கேட்டு மணி பார்க்கிற அளவுக்குப் பழகிவிட்டது.

ஒருநாள் அவள் பள்ளிப் பாடப்புத்தகத்தை விரித்துக் காட்டினாள்.

"மாமா, இது நம்ம தெரு மரத்துல இருக்கா?"

படத்தில் மரப்பட்டைமேல் சாம்பலும் பச்சையுமாக, ஓரம் சுருண்டு, நனைந்து காய்ந்த காகிதம்போல ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. லைக்கன். பூஞ்சையும் பாசியும் சேர்ந்து ஒரே உடம்பாக வாழ்வது. காற்று கெட்டால் முதலில் சாவது இதுதான் என்று படத்துக்குக் கீழே போட்டிருந்தது.

மரப்பட்டையை ஏணிக்காரர் அளவுக்கு மூக்குக்கு நேராகப் பார்த்தவர்கள் குறைவு. "முன்னாடி எல்லா மரத்துலயும் இருந்துச்சு குட்டி" என்றவர், புத்தகத்தை வாங்கி இன்னொரு தடவை படித்தார்.

மறுநாள் எண்ணிப் பார்த்தார். தெருவில் நாற்பத்தொரு மரங்கள். நாற்பதில் பட்டை வெறுமையாக இருந்தது. ஆலைக்கு எதிர்க்கோடியில் இருந்த கடைசி மரத்தில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திட்டு. அதில் நகக்கண் அளவு கிள்ளினார். நகராட்சிக் கிடங்கில், ஆறு வருடத்துக்கு முன் இதே தெருவில் அவரே வெட்டிப்போட்ட கிளைகள் கிடந்தன. அவற்றிலிருந்தும் கொஞ்சம் பெயர்த்தெடுத்து, எல்லாவற்றையும் பொட்டலம் கட்டிக்கொண்டு காற்றுத் தூய்மை அலுவலகத்துக்குப் போனார்.

அங்கே இருந்த எழுத்தர் பொட்டலத்தைத் தொடவில்லை.

"பட்டியல்ல ஏழு லைக்கன் இருக்கு" என்றார். "அந்த ஏழுல ஒண்ணு ஒரு தெருவுல அழிஞ்சுகிட்டு வருதுன்னா ஆலையை நிறுத்த எங்களுக்கு அதிகாரம் உண்டு. இது அந்த ஏழுல ஒண்ணுன்னு பெயர்ச்சான்று கொண்டு வாங்க."

"எங்க வீட்டுப் பிள்ளைக்கு மூச்சு இழுக்குதுங்க. அதைப் பாத்தாலே தெரியுமே."

"அது ஆஸ்பத்திரி விஷயம். நாங்க காத்து."

இப்படித்தான் அவர் பெயர் நிலையத்துக்குள் நுழைந்தார்.

சன்னலில் ஒரு படிவம் கொடுத்தார்கள். முதல் கட்டத்தில் 'உயிரினத்தின் பெயர்' என்று இருந்தது. பெயர் தெரிந்திருந்தால் நான் ஏன் வரப்போகிறேன் என்று கேட்டார். காலியாக விட்டால் வாங்க மாட்டோம் என்றார்கள். 'தெரியாது' என்று எழுதிக் கொடுத்தார். அன்று மதியமே 'தெரியாது' என்ற உயிரினத்துக்குக் கோப்பு திறந்து எண் போட்டுவிட்டார்கள். அந்த நிலையத்தில் வேகமாக நடந்த ஒரே வேலை இதுதான்.

கோப்பு சட்டப் பிரிவில் ஒரு மாதம் நின்றது. லைக்கன் என்பது பூஞ்சையும் பாசியும் சேர்ந்தது, ஆகவே விண்ணப்பம் இரண்டாக இருக்க வேண்டும் என்றார்கள்.

"ரெண்டும் ஒரே உடம்புல ஒண்ணாத்தானே இருக்கு" என்றார் ஏணிக்காரர்.

"நீங்களும் உங்க அக்காவும் ஒரே வீட்டிலதான் இருக்கீங்க. ஒரே ரேஷன் அட்டைன்னு ஒரே ஆளாயிடுவீங்களா?"

ஏணிக்காரர் இரண்டாவது படிவத்தையும் நிரப்பினார். அதிலும் 'தெரியாது' என்றே எழுதினார். இரண்டு தெரியாதுகளும் ஒன்றா வேறா என்று விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது.

பிறகு உருவத் துறை. இரண்டாவது மாடி முழுக்க அவர்களுடையது. லைக்கனின் இதழ் எத்தனை மில்லிமீட்டர், அடியில் வேர்முடி உண்டா, மேலே மாவுபோலத் தூள் பூத்திருக்கிறதா, சொட்டு மருந்து விட்டால் என்ன நிறம் மாறுகிறது என்று உடம்பைப் பார்த்தே முடிவு சொல்கிறவர்கள். மேசைகளில் குடித்து மூடாமல் விட்ட டீக் கோப்பைகளில் கறுப்பாக, பச்சையாக, மயிர் மயிராகப் பூசணம் வளர்ந்திருந்தது. அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை. கோப்பைகளுக்கு நடுவில் துறைத் தலைவர் பூதக்கண்ணாடியைக் கண்ணிலிருந்து எடுக்காமலே பேசினார். நிலையத்தில் அவரைப் பூதக்கண்ணாடி என்றுதான் சொல்வார்கள்.

"முப்பத்தொரு வருஷமா கண்ணாலயே சொல்றேன். ஒரு தடவைகூடத் தப்பானதில்லை" என்றார். "தப்புன்னு மூணு பேர் சொன்னாங்க. மூணு பேரையும் மாத்தல் பண்ணிட்டோம்."

ஒரு துண்டின்மேல் சொட்டு விட்டார். மஞ்சளாகி, மெல்லச் சிவந்தது. "பட்டியல்ல இருக்கிற ஜாதிதான் இது. சந்தேகமே இல்லை. மூணாவது மாடிக்கு மட்டும் போயிடாதீங்க."

ஆனால் சான்றுக்கு மூன்றாவது மாடியின் முத்திரையும் வேண்டும். அங்கே மரபணுத் துறை. அதன் தலைவிக்கு வரிசை மேடம் என்று பெயர். எதைக் கேட்டாலும் மரபணுவின் எழுத்துகளை வரிசையாகச் சொல்லத் தொடங்குவதால் வந்தது. அவர் அறையில் தூசி இல்லை, கோப்பை இல்லை, சன்னலும் இல்லை. நடுவில் ஒரு பெரிய இயந்திரம் முனகிக்கொண்டிருந்தது. 'அன்பளிப்பு: ஈய ஆலை' என்று அதன் நெற்றியில் பித்தளைத் தகடு.

"வெளித்தோற்றத்தைப் பாத்து முடிவு சொல்றது காட்டுமிராண்டித்தனம்" என்றார் வரிசை மேடம். "போன வருஷம் ஒரு மாதிரியைக் கண்ணால பாக்காமலேயே புது ஜாதின்னு அறிவிச்சோம். இன்னிவரைக்கும் அதை யாரும் பாத்ததில்லை. அவ்வளவு சுத்தமான வேலை."

"என்னோடது என்னன்னு வந்திருக்குங்க மேடம்?"

"உங்க பொட்டலத்துல இருக்கிறது ஒண்ணு இல்லை, ரெண்டு ஜாதி. வரிசை வேற வேற. கீழ் மாடியில இருக்கிற கிழவருக்கு ரெண்டும் ஒண்ணாத் தெரியும். பாவம், கண்ணு மட்டும்தான் இருக்கு."

சான்றுப் படிவத்தில் கையெழுத்துக்கு ஒரே ஒரு கோடுதான். இரண்டு துறையும் ஒத்துப்போகாவிட்டால் யார் போடுவது என்று பதினாறு வருடமாக வழக்கு நடக்கிறது. ஏணிக்காரர் மாடிக்கும் மாடிக்குமாக நாயாய் அலைந்தார். விடுப்பு தீர்ந்தது. வீட்டில் பிள்ளை நாலரைக்கு எழுந்து உட்கார்ந்துகொள்வாள். படுத்தால் மூச்சு முட்டும். அக்கா அவள் முதுகைத் தடவிக்கொண்டே, "என்னடா, இன்னிக்காவது பேர் சொன்னாங்களா?" என்பாள்.

நிலையத்தின் அடித்தளத்தில் பொட்டலங்களுக்குச் சீட்டு ஒட்டுகிற அம்மா ஒருவர் இருந்தார். படியேறி இறங்கும் ஏணிக்காரரைப் பார்த்துப் பார்த்துச் சலித்து, ஒருநாள் உள்ளே கூப்பிட்டார். இரண்டு தட்டுகளை மேசையில் வைத்தார்.

"நான் எட்டு வருஷமா சீட்டு ஒட்டுறேன். ரெண்டாவது மாடிச் சீட்டையும் மூணாவது மாடிச் சீட்டையும் ஒரே உறையில ஒட்டுறது நான் ஒருத்திதான். நல்லாப் பாருங்க. ஓரத்துல மாவு பூத்திருந்தா வரிசை இப்படி வருது. நடுவுல பூத்திருந்தா அப்படி வருது. ஒண்ணுகூட மாறினதில்லை."

ஏணிக்காரர் குனிந்து பார்த்தார். கிளை வெட்டுகிறவரின் கண் அது, உடனே பிடித்துக்கொண்டது. "நான் கொண்டுவந்தது எல்லாம் ஓரத்துல மாவு. கிடங்குல எடுத்ததுல ஒரு துண்டு மட்டும் நடுவுல."

"அவ்வளவுதான். ஓரத்துல மாவு இருக்கிறதுதான் பட்டியல்ல இருக்கு. ரெண்டு பேர் சொல்றதும் சரி. பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தா அரை மணி நேர வேலை."

"இதை அவங்ககிட்ட சொல்லலாமே."

"நான் சீட்டுதானே ஒட்டுறேன்" என்றார் அந்த அம்மா.

இருந்தாலும் இரண்டு துறைகளின் ஒருங்கிணைப்புக் குழு கூடியபோது அவர் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு போனார். விண்ணப்பதாரர் என்ற முறையில் ஏணிக்காரருக்கும் கடைசி வரிசையில் ஒரு நாற்காலி கிடைத்தது. மேசையில் தட்டுகளை அருகருகே வைத்து, இப்போது உங்களுக்குச் சொன்னதைத்தான் அவர் அங்கேயும் சொன்னார். பூதக்கண்ணாடி எட்டிப் பார்த்தார். வரிசை மேடம் எட்டிப் பார்த்தார். இருவர் முகமும் ஒரே நேரத்தில் வெளிறியது.

நிலையத்தின் இயக்குநர் கேட்டார்: "இது நிகழ்ச்சி நிரல்ல இருக்கா?"

"இல்லைங்க சார்."

"அப்ப இது நடக்கலை. தட்டை எடுத்துடுங்கம்மா."

பிறகு எழுந்து நின்று நாற்பது நிமிடம் பேசினார். அதில் இரண்டு பகுதிகள் ஏணிக்காரருக்கு அப்படியே மனதில் நின்றுவிட்டன.

"இந்த நிலையத்துக்கு ரெண்டு கண்ணு. ஒண்ணு உருவத் துறை, ஒண்ணு மரபணுத் துறை. ரெண்டு கண்ணும் ஒரே பொருளை ஒரே மாதிரி பாக்க ஆரம்பிச்சா, ரெண்டு கண்ணு எதுக்குன்னு மேலிடத்துல கேப்பாங்க. அந்த ஆபத்தை நான் என் பதவிக் காலத்துல வர விட மாட்டேன்."

எல்லாரும் கைதட்டினார்கள்.

"ஒரு பேரைச் சொல்லிட்டோம்னா கோப்பு மூடிடும். கோப்பு மூடிடுச்சுன்னா மனுஷன் மறந்துடுவான். ஒரு விஷயத்துல முடிவு எடுக்காம இருக்கிற வரைக்கும்தான் அதுல நாம நிபுணர்கள்."

இதற்கும் கைதட்டினார்கள். மிக்சர் தட்டு சுற்றி வந்தது. வாயில் மென்றுகொண்டே அவர்கள் எடுத்த முடிவு இது: உருவத் துறை சொல்வதும் இல்லை, மரபணுத் துறை சொல்வதும் இல்லை, இது மூன்றாவதாக ஒரு புது ஜாதி. இரு துறைகளும் கூட்டாகக் கண்டுபிடித்ததால், இருவருக்கும் பொதுவான இயக்குநரின் பெயரே அதற்கு வைக்கப்படும். அதற்குப் புது மாதிரி வேண்டும். ஆகவே தலத்துக்கே போய் எடுப்பது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு நான்கு வண்டிகளில் பத்தொன்பது பேர் உலைத் தெருவுக்கு வந்தார்கள். நான்கு மணிக்குள் திரும்பிவிட வேண்டும் என்று பயணத் திட்டத்திலேயே எழுதியிருந்தது. இறங்குமுன் எல்லாரும் முகக்கவசம் மாட்டிக்கொண்டார்கள்.

"காத்து ஒண்ணும் பிரச்சினை இல்லை" என்றார் இயக்குநர் முகக்கவசத்துக்குள்ளிருந்து. "ஒரு முன்னெச்சரிக்கை, அவ்வளவுதான்."

கடைசி மரத்தைச் சுற்றி நின்றார்கள். உள்ளங்கை அகலத் திட்டு. ஓரம் சிதையாமல் முழு உடம்பும் வேண்டும் என்றார் பூதக்கண்ணாடி. உயிரோடு இருக்கிற புது ஓரம்தான் தனக்கு வேண்டும் என்றார் வரிசை மேடம். ஒருவர் கத்தியை ஒரு பக்கம் செருகினார். இன்னொருவர் மறுபக்கம் சுரண்டினார். திட்டு நடுவில் கிழிந்து, பாதி கீழே விழுந்தது. குனிந்து தேடும் அவசரத்தில் இயக்குநர் அதன்மேல் கால் வைத்தார். செருப்பின் அடியில் ஒட்டியதை ஒருவர் மண்டியிட்டுக் கத்தியால் வழித்துக் கண்ணாடிக் குப்பியில் போட்டு, 'மூல மாதிரி' என்று எழுதினார். மிச்சத்தையும் விடக் கூடாதென்று பட்டை வெளுக்கும்வரை சுரண்டினார்கள்.

பள்ளி விடுமுறை என்பதால் பிள்ளை மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதை ஏன் மாமா எடுக்கிறாங்க?"

"பேர் வைக்கிறதுக்கு."

"பேர் வச்சதும் திருப்பி ஒட்டிடுவாங்களா?"

 இத்தனை மாதம் ஏணிக்காரருக்குக் குழப்பம் இருந்தது, பயம் இருந்தது, பெரிய படிப்புப் படித்தவர்கள் என்ற மரியாதைகூட இருந்தது. எல்லாம் அந்தச் செருப்போடு போயிற்று. வெளுத்த பட்டையைக் கையால் தடவிப் பார்த்தார். அதற்குள் வண்டிகள் கிளம்பிவிட்டன.

பதினைந்தாம் நாள் இரண்டு தாள்கள் வந்தன. முதலாவது, இவர் கொண்டுவந்தது புது ஜாதி, ஆகவே பட்டியலில் உள்ள ஏழில் அது இல்லை என்றது. இரண்டாவது, தல ஆய்வின் முடிவில் அத்தெருவில் லைக்கன் எதுவும் காணப்படவில்லை, ஆகவே அழிந்துவருவதாகக் கூறப்படும் புகாருக்கு முகாந்திரம் இல்லை என்றது.

அதே வாரம் சீட்டு ஒட்டுகிற அம்மாவிடமிருந்து தொலைபேசி வந்தது.

"ஒரு சமாச்சாரம். மாதிரி கொடுத்தவர் கையெழுத்து இல்லாம புதுப் பேர் செல்லாது. விதி நாற்பத்தாறு. பெயர் சூட்டு விழாவுக்கு அழைப்பிதழ் எல்லாம் அடிச்சாச்சு. கையெழுத்துக்கு உங்க வீடு தேடி வருவாங்க. சும்மா போட்டுக் கொடுத்துடாதீங்க."

வந்தார்கள். மூன்று மணிக்கு இயக்குநரும், இரண்டு துறைத் தலைவர்களும். ஏணிக்காரர் நாற்காலிகளைத் துடைத்துப் போட்டார். அக்கா தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"ஒரு கையெழுத்துதான்" என்றார் இயக்குநர். "உங்க தெருவுக்கே பெருமை."

"போடுறேன் சார். அவசரம் இல்லையே. நாலரை வரைக்கும் உக்காருங்க. பேசிட்டுப் போடுறேன்."

"நாலரை எதுக்கு?"

"எங்க வீட்டுக்கு விருந்தாளிங்க வர்றதே இல்லை. சும்மா உக்காருங்க."

கையெழுத்தை விட்டுவிட்டுப் போக மனமில்லாமல் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். நான்கு மணிக்கு உலை திறந்தது. தெருவில் சன்னல்கள் சாத்தப்படும் சத்தம் வரிசையாகக் கேட்டது. இந்த வீட்டில் மட்டும் சாத்தவில்லை. பிள்ளையை அக்கா முன்னதாகவே அடுத்த பேட்டையில் ஒரு தோழி வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தாள். முதலில் நாக்கில் ஓர் உலோகக் கசப்பு. பிறகு கண்ணெரிச்சல். பூதக்கண்ணாடி தொண்டையைச் செருமினார். வரிசை மேடம் கைப்பையில் முகக்கவசத்தைத் தேடினார், கிடைக்கவில்லை. இயக்குநர் இருமத் தொடங்கி, நிறுத்த முடியாமல், தண்ணீர்க் குவளையைத் தட்டிவிட்டு எழுந்தார்.

"இன்னும் பதினெட்டு நிமிஷம் இருக்கு சார்" என்றார் ஏணிக்காரர்.

"கதவைத் திறங்க."

"திறந்துதான் இருக்கு. அது வழியாத்தான் வருது."

மூவரும் வண்டிக்கு ஓடினார்கள். பேனா மேசையிலேயே கிடந்தது. அக்கா ஈரத் துணியால் மூக்கை மூடிக்கொண்டு, அதை எடுத்து மூடி வைத்தாள்.

நிலையம் இதற்கெல்லாம் அசருமா? மறுவாரமே விதி நாற்பத்தாறைத் திருத்திச் சுற்றறிக்கை விட்டார்கள். பெயர் சூட்டு விழா முடிந்தது, படமெடுத்து மாட்டியாயிற்று. ஆனால் சுற்றறிக்கையின் நகல் ஒன்று சீட்டு ஒட்டுகிற அம்மாவின் மேசை வழியாக ஏணிக்காரர் கைக்கு வந்தது. அதில் இயக்குநரின் கையெழுத்துக்கு மேலே இப்படி இருந்தது: 'உலைத் தெருவில் மாலை நான்கு மணிக்குமேல் மனிதர் அரை மணி நேரம் தங்குவதுகூட உடல்நலத்துக்குக் கடும் கேடு என்பதை நிலையத்தின் மூத்த அறிஞர்கள் மூவர் நேரில் உறுதி செய்திருப்பதால், மாதிரிக் கொடையாளரின் கையொப்பம் பெறுவதிலிருந்து விலக்கு அளிக்கப்படுகிறது.'

ஏணிக்காரர் அதைத் தெருவில் எல்லாருக்கும் படித்துக் காட்டினார். பிறகு காற்றுத் தூய்மை அலுவலகத்துக்கு எடுத்துப் போனார். எழுத்தர் இரண்டு தடவை படித்தார்.

"இது மனுஷனைப் பத்தி இருக்கு" என்றார். "பட்டியல்ல மனுஷன் இல்லையே."

"சேத்துக்கங்க."

"சேக்கணும்னா அந்த உயிரினத்தோட உருவச் சான்று, மரபணுச் சான்று ரெண்டும் நேர்ல தாக்கல் பண்ணணும். பண்ணினா முடிவு வர்ற வரைக்கும் சான்று எங்க பொறுப்புலதான் இருக்கும். வெளியே எடுத்துட்டுப் போக முடியாது. யோசிச்சுக்கங்க."

ஏணிக்காரர் யோசித்தார். மறுநாள் காலை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து எழுத்தரின் மேசைமேல், கோப்புகளுக்கு நடுவில் உட்கார வைத்தார். பின்னால் அக்கா நின்றாள்.

"இது உருவம்" என்றார். "நேத்துப் புகை இன்னும் நெஞ்சுல இருக்கு, காதை வச்சுக் கேளுங்க. மரபணு வேணும்னீங்க. இந்த மூக்கு இவங்க அம்மா மூக்கு. அவ மூக்கு எங்க அப்பா மூக்கு. எனக்கும் அதேதான், பாருங்க. எழுதிக்கங்க."

எழுத்தர் பேனாவை எடுத்துத் தேதி போட்டார். பிள்ளையின் மூச்சில் அந்த விசில் சத்தம் மெல்லக் கேட்டது. அதற்குமேல் அவர் எதுவும் எழுதவில்லை.

"அடுத்து அஞ்சாம் வீடு" என்று அக்கா வாசலைப் பார்த்துச் சொன்னாள். ஒருவர் தன் அப்பாவைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார். அவருக்குப் பின்னால் கைக்குழந்தையோடு ஒரு பெண். படிக்கட்டு முழுக்க உலைத் தெரு ஆட்கள். மத்தியானத்துக்குள் நூற்றெழுபது சான்றுகள் தாக்கலாகின. பாயும் தலையணையும் வந்தன. அதிகாரியின் அறையில் கைக்குழந்தைகளைப் படுக்க வைத்தார்கள், அங்கேதான் மின்விசிறி நன்றாகச் சுற்றியது. இருமல் மாடிக்கு மாடி கேட்டது. தாக்கலான சான்றை வெளியே போகச் சொல்ல விதியில் இடமில்லை.

மூன்றாம் நாள் மாலை ஆலையை நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்தது. காரணம் என்ற இடத்தில் காற்றைப் பற்றியோ, மூச்சைப் பற்றியோ ஒரு சொல்கூட இல்லை. 'தாக்கல் செய்யப்பட்ட சான்றுகளை வைக்க அலுவலகத்தில் போதிய இடமின்மையால்' என்று இருந்தது.

மனிதனைப் பட்டியலில் சேர்க்கலாமா என்று ஆராய ஒரு குழு போட்டிருக்கிறார்கள். பூதக்கண்ணாடியும் வரிசை மேடமும் அதில் உறுப்பினர்கள். ஒரே ஜாதியா, பல ஜாதியா என்பதில் அவர்களுக்குள் இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை என்று கேள்வி.